நீலப் பூச்சுக்குள் இருந்த சாக்கு

அன்பு மகனுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். மல்லாவியில் மழை இல்லை, அம்மாவின் முழங்கால் நோ அப்படியே இருக்கிறது, எனக்கு வலது கண் கொஞ்சம் மங்கல். எங்கள் செய்தி இவ்வளவுதான். உன் செய்தி நான்கு பக்கக் கடிதமாகவும் ஒன்பது புகைப்படங்களாகவும் ஒன்றரை மாதம் அலைந்து, வவுனியாவிலிருந்து வந்த ஒருவரின் கைப்பைக்குள் இருந்து வந்து சேர்ந்தது. ஒன்பது படத்தில் ஒன்றிலாவது நீ சோறு தின்பாய், அல்லது படிப்பாய், குறைந்தது ஒரு கதிரையிலாவது இருப்பாய் என்று தேடினேன். ஒன்பதும் கார். முன்னுக்கு நின்று எடுத்த கார், பின்னுக்கு நின்று எடுத்த கார், கதவு திறந்த கார், கதவு பூட்டிய கார். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இதில என்ர பிள்ளை எங்க நிக்குது?" என்று கேட்டாள். எட்டாவது படத்தில், காரின் மினுக்கத்தில் உன் முகம் கோணலாகத் தெரிந்தது. அதைக் காட்டிச் சமாளித்தேன்.

கனடாப் பனியில் வேலைக்குப் போய் உழைக்கிற பிள்ளை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வட்டத்துக்குள் கார் ஓட்டிப் பந்தயம் விடுகிறதாம். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்கு இவ்வளவு பாடு. இங்கே ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவன் என்பதால் எனக்கு இந்த விளையாட்டின் அருமை விளங்கவில்லை என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள். வேறொருவன் கழித்துவிட்ட பழைய காரை வாங்கினாயாம், உள்ளுக்கு இருந்த கதிரைகளைக் கழற்றி எறிந்தாயாம், துருப்பிடித்த இடங்களில் புட்டி அப்பித் தேய்த்தாயாம், கொட்டிலுக்குள் பிளாஸ்ரிக் விரிப்புக் கட்டி நீயே பெயின்ற் அடித்தாயாம். "கராஜ்காரன் கை படாமல், முழுக்க நானே செய்தேன் அப்பா" என்று அடிக்கோடு கீறி வேறு எழுதியிருக்கிறாய். பிறகு என்னிடமே ஒரு கேள்வி: "வட்டக்கச்சியில் அந்த மைனர் காரை அப்படி மினுங்க வைத்தீர்களே, அது எப்படி?" உன் அப்பாவின் பெருமை கடல் கடந்து போயிருக்கிறது என்று ஒரு நிமிடம் எனக்கும் நெஞ்சு நிமிர்ந்ததுதான். அந்த வெட்கக்கேட்டையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மூன்றாம் பக்கத்தில் உன் மாமாவைப் பற்றி எழுதியிருந்தாய். என் மைத்துனன் குகன், உன்னோடு ஒரே வீட்டில் இருந்து, காலை இழுத்து இழுத்து நடந்து, ஏதோ ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவன். அவன் மூன்று நாளாக உன் காருக்குக் கீழே படுத்து ஸ்குறூ டிறைவரால் குத்திக் குத்திப் பார்த்தானாம். ஒரு இடத்தில் அது பெயின்றைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டதாம். நீ உன் நண்பர்கள் நாலு பேருக்கு முன்னால், "அப்பாவின்ர காரை உடைச்சது போதாதோ? என்ரையையும் உடைக்கப் போறீங்களோ?" என்று கத்தினாயாம். எல்லோரும் சிரித்தார்களாம். மாமா எழுந்து உள்ளே போய்விட்டாராம். இதை ஒரு பகிடியாக எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்த நான் இரண்டு நாளாகத் திறக்கவில்லை.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். அந்த மைனரை எப்படி மினுங்க வைத்தேன் என்று முழுக்கச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதை நான் சொன்ன கதை. நீ அப்போது யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் நின்று படித்தாய். விடுமுறைக்கு வந்தபோது நான் சொன்னதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். சிரிக்கும்படிதான் சொன்னேன். வகுப்பறையில் இருபத்தைந்து வருடம் பௌதிகம் படிப்பித்தவனுக்குக் கதை சொல்லத் தெரியாமல் இருக்குமா?

தொண்ணூற்று நாலில், சிறுபோக நெல் வெட்டி முடிந்த நேரம். பெற்றோலுக்குத் தடை. உப்பு, சவர்க்காரம், பற்றரி எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு தடை. ஆனால் ஆண்பிள்ளைகளின் வீம்புக்கு மட்டும் ஒரு தடையும் இல்லை. சவாரித் திடலில் மாட்டுவண்டிச் சவாரி முடிந்ததும், சுற்றுவட்டாரத்தில் இருக்கிற நாலு பழைய கார்களையும் ஓடவிட்டுப் பார்ப்போம் என்று யாரோ ஒரு வேலையற்றவர் சொல்ல, எல்லா வேலையற்றவர்களும் தலையாட்டினோம். எல்லாக் காரும் மண்ணெண்ணெயில்தான் ஓடும். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெய்க்கு எழும்பாது, முதலில் நாலு சொட்டுப் பெற்றோல் காட்ட வேண்டும். எனவே பந்தயத்துக்கு ஒரு சட்டம் போட்டார்கள்: கண்ணுக்கு விடுகிற மருந்துப் போத்தலில் ஆளுக்கு ஒரு போத்தல் பெற்றோல், அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை. வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு, சைக்கிள்காரன் எட்டிப் பிடிக்கக் கூடிய வேகத்தில் ஓடுகிற நாலு தகரப் பெட்டிகள். இதற்குப் பெயர் கார்ப் பந்தயம். நீ உன் பந்தயத்தைப் பற்றி எழுதுகிறபோது எனக்கு ஏன் சிரிப்பு வந்தது என்று இப்போது விளங்கும்.

தர்மபுரத்து அரிசி மில் முதலாளியும் தன் காரைக் கொண்டு வருகிறார் என்று கேள்விப்பட்டேன். அந்த மனுஷன் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர், என்னைக் கண்டால் சைக்கிளை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டுகிறவர். அவருக்கு முன்னால் என் கார் மினுங்க வேண்டும். வெல்ல வேண்டும் என்று கூட நான் நினைக்கவில்லை, மினுங்க வேண்டும். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன், கராஜ்காரன் கை படாமல் நானே செய்வேன் என்று. உன் கடிதத்தில் அதே வசனத்தைப் பார்த்தபோது, என் மூக்கும் காதும் உனக்கு வந்தது போதாதா என்று தோன்றியது.

அந்தக் கார் முல்லைத்தீவில் வாங்கியது. முன்னர் வைத்திருந்தவர் பின் கதிரையைக் கழற்றிவிட்டு ஐஸும் மீனும் ஏற்றியவர். உப்புத் தண்ணீர் வருடக்கணக்கில் ஊறி, பின்பக்கத் தளம் அப்பளம் போல நொறுங்கியிருந்தது. பின் சில்லைத் தாங்குகிற வில்லுத்தகடு இருக்கிறதே, அது தளத்தோடு பூட்டப்பட்ட இடத்தில், இடது பக்கம், என் கை முட்டி உள்ளே போகும் அளவுக்கு ஓட்டை. கிளிநொச்சியில் வெல்டிங் செய்கிறவரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "மாஸ்டர், இது வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைச்சு ஒட்ட வேணும். காஸ் வர ரெண்டு கிழமை செல்லும். அதுவரைக்கும் காரை அசைக்காதேங்கோ" என்றார். பந்தயத்துக்கு இருந்தது பத்து நாள். அந்த மனுஷன் தன் தொழிலை வளர்க்கப் பார்க்கிறார் என்று முடிவு கட்டிவிட்டு வந்தேன்.

பிறகு சூசையிடம் போனேன். முல்லைத்தீவுக் கரையில் படகு வைத்திருந்தவர், கார் வாங்கும்போது பழக்கமானவர். படகு ஓட்டையாகிவிட்டால் கண்ணாடி நார்த் துணியைப் பசையில் தோய்த்து ஒட்டுவார்களே, அந்தப் பசையும் துணியும், படகுக்கு அடிக்கிற நீலப் பெயின்றும் அவரிடம் மிச்சம் இருந்தன. எதற்கு என்று கேட்டார். சொன்னேன். தந்துவிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், இது தண்ணியை மறிக்கும். பாரம் தாங்காது. போட் தண்ணியில மிதக்குது, உங்கட கார் அந்த மூலையிலதான் நிக்குது." ஒரு மீன்பிடிகாரர் எனக்கு விசையும் சுமையும் படிப்பிக்க வந்துவிட்டார் என்று மனதுக்குள் சிரித்தேன். நான் பரீட்சைத் தாளில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சுழியம் போட்ட பாடம் அது. அவர் ஒரே வசனத்தில் சரியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் தெரியுமா? நெல்லுச் சாக்கைக் கிழித்துப் பசையில் தோய்த்து அந்த ஓட்டைக்குள் திணித்தேன். மேலே நார்த் துணி. அதன் மேல் புட்டி. காய்ந்ததும் அரத்தாளால் தேய்த்துத் தேய்த்து, விரலை ஓட்டினால் எங்கே தகரம் முடிகிறது, எங்கே சாக்குத் தொடங்குகிறது என்று எனக்கே தெரியாத அளவுக்கு இழைத்தேன். தட்டினால் மட்டும் பலகையைத் தட்டின சத்தம் வந்தது. தட்டாமல் விட்டேன். பெயின்ற் அடிக்கத் துப்பாக்கி ஏது? வயலுக்கு மருந்தடிக்கிற மெசினை ஏழு தரம் கழுவி அதில் ஊற்றினேன். பெயின்றைக் கரைக்கத் தின்னர் இல்லாமல் மண்ணெண்ணெயை விட்டேன். அது நாலு நாளாகக் காயவில்லை. பக்கத்து வளவில் நெல்லுச் சூடடித்தார்கள், பதர் எல்லாம் பறந்து வந்து என் காரில் ஒட்டிக்கொண்டது. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, இரண்டாம் முறை அம்மாவின் சேலைகளை நனைத்து நாலு பக்கமும் மறைப்புக் கட்டி அடித்தேன். அவற்றில் ஒன்று கலியாணக் கூறைச்சேலை என்று எனக்குத் தெரியாது. "உங்கட காருக்கு என்ர கூறைதான் கிடைச்சுதோ?" என்று அம்மா கேட்டாள். நீலப் புள்ளிகள் கடைசி வரை போகவில்லை. ஆனால் கார் மினுங்கியது, மகனே. நீ கேட்ட அந்த மினுக்கம் இதுதான். குறித்துக்கொள்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியும், பந்தயம் ஓடத் தெரியாது. குகனைக் கேட்டேன். அவன் பத்து வருடம் லொறி ஓடியவன். நெல் மூட்டை ஏற்றிய லொறியை விளக்குப் போடாமல் கிடங்கும் பள்ளமுமான வீதியால் கொண்டு வந்து சேர்த்தவன். லொறிச் சொந்தக்காரர்கள் அவனைக் கூப்பிட வீடு தேடி வருவார்கள். அவன் காரைச் சுற்றி வந்து, குனிந்து கீழே பார்த்தான். "அத்தான், அடி எல்லாம் சரியோ?" என்று கேட்டான். "நான் செய்தது, பிழை வருமோ?" என்று சொன்னேன். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. அக்காவின் புருஷன், படித்த மனுஷன், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினான். என் படிப்பால் இந்த உலகத்தில் யாருக்கும் வந்த மிகப் பெரிய கேடு அந்த நம்பிக்கைதான்.

பந்தயத்தன்று சனம் நிறைந்து நின்றது. மில் முதலாளியின் கார் எழும்பவே இல்லை. போத்தல் பெற்றோல் முடிந்துவிட்டது, நாலு பேர் தள்ளிக்கொண்டு நின்றார்கள். எனக்கு அதுவே போதும். குகன் முதலாவதாகப் போனான். திடலின் அந்தத் தொங்கலில், கடைசி முனையில், ஒரு பனங்குற்றியைச் சுற்றித் திரும்ப வேண்டும். திரும்பும்போது இடது பின்பக்கம் சட்டென்று கீழே இறங்கியது. சில்லு ஒரு பக்கம் இழுக்க, கார் சறுக்கிக்கொண்டு போய்க் குற்றியில் மோதிப் புரண்டது. நான் ஓடினேன். முதல் ஆளாக ஓடினேன். ஓடிப் போய் முதலில் எதைப் பார்த்தேன் என்று கேள். கதவில் பெயின்ற் கீறுப்பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அவனைப் பார்த்தேன்.

அவனை வெளியே இழுத்து மண்ணில் கிடத்தினார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தது. அவனுக்குப் பக்கத்தில் தளத்திலிருந்து பிய்ந்த ஒரு துண்டு விழுந்து கிடந்தது. ஒரு பக்கம் நல்ல நீலம். மறுபக்கம் சாக்கு. அவன் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். சனம் ஓடி வந்துகொண்டிருந்தது. மில் முதலாளியும் வந்து, "என்ன மாஸ்டர் நடந்தது?" என்று கேட்டார். அவருடைய முகத்தைப் பார்த்ததும் என் வாயிலிருந்து அந்த வசனம் தானாக வந்தது. "பிரேக்கெண்டு நினைச்சு அக்சிலேற்றரை மிதிச்சுப்போட்டான்." குகன் என்னைப் பார்த்தான். பிறகு அந்தத் துண்டைத் தன் முதுகுக்குக் கீழே, சட்டைக்குள் தள்ளி மறைத்தான். எலும்பு முறிந்து கிடக்கிறவன், என் மானத்துக்கு மேல் படுத்துக்கொண்டான்.

உழவு மெசின் பெட்டியில் அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனோம். வாய்க்கால் ஓரமாகப் போகும்போது அவன் அந்தத் துண்டைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்துத் தண்ணீருக்குள் எறிந்தான். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "அத்தான், அக்காவ அந்தக் காரில ஏத்தாதேங்கோ." இரண்டு மாதம் காலில் பாரம் கட்டிக்கொண்டு கிடந்தான். கேட்க வந்தவர்களுக்கெல்லாம், "ஓம், கால் மாறிப்போச்சு" என்று தானே சொன்னான். எழும்பி நடந்தபோது ஒரு கால் கட்டை. அதற்குப் பிறகு எந்த லொறிக்காரரும் அவனைத் தேடி வரவில்லை. பிரேக் எது, அக்சிலேற்றர் எது என்று தெரியாதவனிடம் யார் வாகனம் கொடுப்பார்கள்? நான் மட்டும் கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். காலப்போக்கில் கைச் சைகைகள் கூடச் சேர்த்தேன். அடுத்தவன் பொய் சொன்னால் வகுப்பில் முழங்காலில் நிறுத்திய மாஸ்டர்.

தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்து ஓடும்போது அந்தக் காரை வட்டக்கச்சியில் விட்டுவிட்டு வந்தோம். நான் வருத்தப்பட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். என்ன கேவலமான வருத்தம் அது.

இப்போது உன் காருக்கு வருகிறேன். புட்டி ஒரு பலமும் தராது, கண்ணை மட்டும் ஏமாற்றும். துருவை நல்ல தகடு வரும் வரை வெட்டு. தெரிந்தவரிடம் கொடுத்துப் புதுத் தகடு ஒட்டு. முதலில் கீழ்ப்பக்கத்தைச் சரி செய், மினுக்கத்தைக் கடைசிக்கு வை. ஸ்குறூ டிறைவர் உள்ளே போன அந்த இடம் ஓட்டை. அதை உன் மாமா போடவில்லை, நீ மூடி வைத்தாய். உன்னுடைய நாலு நண்பர்களில் ஒருவனுக்கும் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. சிரிக்க மட்டும் தெரிந்திருக்கிறது. மூன்று நாள் பனித் தரையில் கட்டைக் காலோடு படுத்துக் குத்திப் பார்த்தவன், தன் உடம்பால் அந்தப் பாடத்தைப் படித்தவன். நீ அவனைக் கேலி செய்தது என் வாயால். அதனால் உன்னைத் திட்ட எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் திட்டுகிறேன்.

முந்தநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குசினியில் சோறு வடித்துக்கொண்டு நின்றவள் பானையை இறக்கி வைத்தாள். "அவனுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள். "ஓம். அவன்தான் அந்தத் துண்டைக் கையில எடுத்தவன்" என்றேன். பிறகு, "அப்ப என்னட்டை அவன் ஏன் அந்தச் சத்தியத்தைப் பண்ணினவன்?" என்றாள்.

உனக்கு இது தெரியாது. தொண்ணூற்றேழில் உன்னை அவனோடு அனுப்புகிற அன்று, நீ கிணற்றடியில் நின்றாய். அம்மா அவனுடைய கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்து, "போற இடத்தில என்ர பிள்ளையை வைச்சு நீ ஒரு நாளும் வாகனம் ஓடக்கூடாது. சத்தியம் பண்ணு" என்று கேட்டாள். அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். நான் உன் பையைக் கட்டுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். "ஓம் அக்கா" என்றான். கனடாவில் இத்தனை காலமாக லைசன்ஸ் எடுக்காமல், பனியில் பஸ்ஸுக்கு நின்று கோப்பை கழுவப் போகிறவனை, "மாமாவுக்கு ஸ்ரேரிங்கைக் கண்டாலே நடுக்கம்" என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அவனுக்கு நடுக்கம் இல்லை. அக்காவுக்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான்.

நீ எந்த நண்பர்களுக்கு முன்னால் கத்தினாயோ, அவர்களைக் கூப்பிட்டு வைத்து, அவனையும் இருத்தி, இதை உரத்து வாசி. அவன் "விடு தம்பி" என்பான். விடாதே, முழுக்க வாசி. அவனுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை, கீழே இருக்கிறது மட்டும்தான் புதிது. அதை அம்மா சொன்னபடியே எழுதுகிறேன்: "தம்பி குகன், அந்தச் சத்தியத்தை நான் திருப்பி எடுத்துப்போட்டன். நீ லைசன்ஸ் எடு. என்ர பிள்ளையை ஏத்திக்கொண்டு நீ ஓடு."

எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னாள். இரண்டு தரம் வாசித்தேன். இப்போது எழுதி முடித்த பக்கங்களை என் கையிலிருந்து வாங்கி, நான் வாசித்ததும் எழுதியதும் ஒன்றுதானா என்று எழுத்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பா